உயிர்ப்பதிவேட்டில் உயிர் எங்கே?

சென்ற தவக்காலத்தின் ஒரு வெள்ளி மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தபோது இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் மூன்று சான்றிதழ்கள். மூன்றிலும் முத்திரை இருந்தது. மூன்றிலும் அவருடைய பெயர் இருந்தது. மூன்றிலும் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒன்று அவரைச் சில்லறை விற்பனை உதவியாளர் என்றது. அடுத்தது தையல் எந்திரம் இயக்குபவர் என்றது. மற்றொன்று பண்டகசாலைப் பணியில் தேர்ந்தவர் என்றது. தற்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டோம். கும்மிடிப்பூண்டிப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில், ஒப்பந்தக்காரரின் கீழ், இரவு முழுவதும் இரும்புக் கம்பிக் கட்டுகளை லாரியில் ஏற்றும் வேலை.

“அந்த வேலைக்கு இந்தச் சான்றிதழ்களில் எதையாவது கேட்டார்களா?”

“ஆதார் மட்டும்தான் கேட்டாங்க, ஃபாதர்.”

அவர் நம்மிடம் வந்தது நான்காவது பயிற்சி ஒன்றில் சேர நற்சான்றுக் கடிதம் பெறுவதற்காக. மூன்றில் கிடைக்காதது நான்கில் கிடைக்கும் என்று நம்புகிறீர்களா என்று கேட்டோம். சற்றே வெட்கத்துடன் சொன்னார்: அங்கே மதிய உணவு உண்டு, ஒரு பையும் சட்டையும் தருகிறார்கள், பகலில் அமர்ந்தபடியே சிறிது கண்ணயரவும் முடியும்.

அவர் சென்ற பிறகு ஒரு கேள்வி நம்மை விடவில்லை. அரசின் கணக்கில் இவர் எத்தனை பேர்? ஆண்டறிக்கைகளில் பயிற்சி பெற்றோர் என்னும் பத்தியில் இவர் மூன்று பேர். சான்றளிக்கப்பட்டோர் என்னும் பத்தியிலும் மூன்று பேர். கம்பி ஏற்றும் வேலையை யாரேனும் கணக்கில் சேர்த்திருந்தால், பணியமர்த்தப்பட்டோர் என்னும் பத்தியில் ஒருவர். மக்கள் வரிப்பணம் இவருக்காக மூன்று முறை செலவாகியிருக்கிறது. இவரோ இரவில் கம்பி சுமக்கிறார்.

புதுவாயலை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டைக்கு அருகே, பெரியபாளையம் சாலை பிரியும் இடத்தில் உள்ளது இவ்வூர். விடியற்காலையில் சாலையோரம் நின்று பார்த்தால் இப்பகுதியின் பொருளாதாரம் முழுவதும் கண்முன்னே ஓடும். ஒப்பந்தக்காரர்களின் வேன்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் செல்லும் பேருந்துகள், புறநகர் மின்தொடர்வண்டியைப் பிடிக்கக் கவரைப்பேட்டை நிலையம் நோக்கி ஓடும் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளர்கள். ஒரு பக்கம் உருக்காலைகள். மறுபக்கம் தேர்வாய்கண்டிகையின் தொழிற்பூங்கா. இடையிடையே செங்கற்சூளைகள், அரிசி ஆலைகள். வேலையே இல்லாத ஊர் அல்ல இது. வேலை இருந்தும் தம் பிள்ளைகள் ஏன் வாசலிலேயே நிற்கிறார்கள் என்று பெற்றோர் கேட்கும் ஊர். அக்கேள்விக்கு விடை தெரிய வேண்டுமானால், இந்தப் பிள்ளைகளுக்கு அரசு என்ன செய்தது, செய்தபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு எழுதப்படும் முறையைத்தான் நாம் இங்குக் குற்றம் சாட்டுகிறோம்.

இந்நோய் இன்று நேற்று தோன்றியதன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தரும் பொருட்டு 1945-இல் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கான அமைப்பு உருவானது. 1959-இல் காலியிடங்களை அவற்றுக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது. நம் தலைமுறையினர் பத்தாம் வகுப்பு முடித்ததும் முதலில் சென்று நின்ற வரிசை அதுதான். அங்குள்ள ஏட்டுக்கு உயிர்ப்பதிவேடு என்று பெயர். எத்துணை அழகிய பெயர்! ஆனால் 2022-இல் தமிழ்நாட்டின் அந்த ஏட்டில் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தபோது, அவர்களுள் எத்தனை பேர் ஏற்கெனவே தனியார் வேலையில் இருந்தனர், எத்தனை பேர் வெளிநாடு சென்றுவிட்டனர், எத்தனை பேர் வேலை தேடுவதையே கைவிட்டனர் என்பதை அந்த ஏடு சொல்லவில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் பெயர் நீங்கும். பெயர் நீங்கியவர் வேலை பெற்றாரா, வெறுத்துப் போனாரா? இரண்டுக்கும் அங்கே ஒரே அடையாளம்: வெற்றிடம்.

பதிவு செய்தால் போதும் என்றிருந்த காலம் போய், பயிற்சி அளித்தால் போதும் என்ற காலம் வந்தது. 2015 ஜூலை 15 அன்று பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா தொடங்கப்பட்டது. 2022 வரையிலான மூன்று கட்டங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றதாகக் கணக்கு. இந்த ஒரு கோடியைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். இத்திட்டத்தில் முக்கியமாக இரண்டு வகைகள் இருந்தன. ஒன்று, குறுகிய காலப் பயிற்சி. ஏறத்தாழ 150 முதல் 300 மணி நேரம் வகுப்பில் அமர்ந்து கற்பது. மற்றொன்று, முன்கற்றலை அங்கீகரித்தல். அதாவது ஏற்கெனவே தொழில் தெரிந்தவரை அழைத்து, சில மணி நேரம் அறிமுகம் தந்து, சோதித்துச் சான்றிதழ் வழங்குவது. இந்த இரண்டாம் வகையை நாம் இகழவில்லை. முப்பதாண்டு கொத்தனாராக உழைத்தவருக்கு அவர் கொத்தனார்தான் என்று அரசு எழுதித் தருவது நல்ல செயலே. ஆனால் அதைப் ‘பயிற்சி’ என்னும் கூட்டுத்தொகையில் சேர்ப்பது எந்த நேர்மை? நம் பங்கில் பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டில் தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்த்த தாய் ஒருவர், ஒரு வார இறுதியில் அழைக்கப்பட்டுச் சான்றிதழோடு திரும்பினார். “எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்லிக் குடுத்தாங்க, சாமி” என்றார் சிரித்துக்கொண்டே. அந்த ஒரு கோடியில் ஏறத்தாழப் பாதி இத்தகைய சான்றிதழ்கள். மேடைகளில் ஒரு கோடி என்று முழங்கும்போது இதை யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

பணம் எவ்வாறு கொடுக்கப்பட்டது என்பதைப் பார்த்தால் ஏட்டின் குணம் இன்னும் விளங்கும். 2016 முதல் 2020 வரையிலான கட்டத்தின் நெறிமுறைப்படி, பயிற்சி நிறுவனத்துக்கு வகுப்பு தொடங்கியதும் நூற்றுக்கு முப்பது பங்கு. மாணவர் சான்றிதழ் பெற்றதும் ஐம்பது பங்கு. வேலை கிடைத்தது உறுதியான பின் எஞ்சிய இருபது. ஆக, ஒருவருக்கும் வேலை கிடைக்காவிட்டாலும் எண்பது பங்கு கைக்கு வந்துவிடும். வணிகம் செய்பவர் எதை விளைவிப்பார்? எதற்கு விலை உண்டோ அதை விளைவிப்பார். சான்றிதழ்கள் விளைந்தன. 2016-இல் சாரதா பிரசாத் தலைமையில் அமைந்த குழுவே இலக்குகளைத் துரத்தும் இப்போக்கைக் கடுமையாகச் சாடியது.

அக்குழுவின் சொல் காற்றோடு போயிற்று. பின்னர் 2025 டிசம்பரில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைப் படித்தபோது நமக்குச் சினத்தைக் காட்டிலும் வெட்கமே மிகுந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஏறத்தாழ 96 இலட்சம் பயனாளிகளின் பதிவுகளில், 94 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில், வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியமோ வெற்றிடமோ இருந்தது. ஒரே நிழற்படம் வெவ்வேறு பயனாளிகளின் பெயரில் ஒட்டப்பட்டிருந்தது. குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் பெற்றவர்களில் 41 விழுக்காட்டினரே வேலையில் அமர்த்தப்பட்டிருந்தனர். ஊழல் என்று கூறி இதைக் கடந்துவிடுவது எளிது. ஊழல் இருக்கலாம், அதை விசாரிக்க வேறு இடங்கள் உண்டு. நம்மைத் துளைத்த செய்தி வேறு. ஒரு மனிதனுக்குப் பணம் அனுப்ப வேண்டிய முகவரியே தெரியாமல், அவனுக்குப் பணி செய்து முடித்துவிட்டதாக ஓர் ஏடு ஏழாண்டுகள் சொல்லிவந்தது; ஒருவருக்கும் உறுத்தவில்லை! ஏன் உறுத்தவில்லை? அந்த ஏடு அவனுக்காக எழுதப்பட்டதன்று என்பதால். மேலதிகாரிக்காக எழுதப்பட்டது, மேடைக்காக எழுதப்பட்டது. தாவீது தம் மக்களை எண்ணச் சொன்ன நிகழ்ச்சியை மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். எண்ணுதல் தவறன்று, எதற்காக எண்ணுகிறோம் என்பதில்தான் தவறு புகுகிறது.

நம் மாநிலத்தை மட்டும் விட்டுவிடுவது நீதியாகாது. 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கப்பட்டபோது ஆண்டுக்குப் பத்து இலட்சம் இளைஞர்கள் என்பது இலக்காக அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தால் நன்மை அடைந்த பிள்ளைகளை நாமே அறிவோம். அரசுக் கல்லூரி மாணவர் ஒருவர் கணினித்துறையில் நல்ல வேலை பெற்று முதல் சம்பளத்தில் கோவிலுக்கு மின்விசிறி வாங்கித் தந்தார். ஆயினும் கேட்கிறோம்: பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு நாள் உயர்கல்வி வழிகாட்டல் கேட்டவர், கல்லூரிப் பாடத்தோடு சேர்ந்த ஒரு படிப்பை முடித்தவர், மாதக்கணக்கில் தொழில் பயின்றவர் ஆகிய மூவரையும் ஒரே கூட்டுத்தொகையில் அடக்கினால் அந்தத் தொகை எதைக் குறிக்கும்? அறிவுரையும் ஒரு சேவை. பயிற்சியும் ஒரு சேவை. வேலையில் அமர்த்துவதும் ஒரு சேவை. தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்தவனையும், விருந்தில் அமர்ந்து உண்டவனையும் ஒரே பந்தி என்று எந்தச் சமையற்காரரும் கணக்கு எழுதமாட்டார்.

அரசுக்குத் தொடர்ந்து பார்க்கத் தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. அதே திட்டத்தின் கீழ்க் குடிமைப்பணித் தேர்வுக்கு ஆயத்தம் செய்வோரில் ஆயிரம் பேரைத் தேர்ந்து, பத்து மாதங்களுக்கு மாதம் 7,500 ரூபாய் வழங்கினார்கள். முதனிலைத் தேர்வில் வென்றவர்களுக்கு 25,000 ரூபாய் கொடுத்தார்கள். அவர்களுள் யார் முதனிலையைக் கடந்தார், யார் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார் என்பதெல்லாம் பெயரோடு தெரியும், செய்தித்தாள்களிலும் வரும். மகிழ்ச்சியே. ஆட்சியராகப் போகிறவரை ஒவ்வொரு படியிலும் பின்தொடரும் கண்ணுக்கு, கம்பி ஏற்றுகிறவர் மட்டும் எவ்வாறு தெரியாமற்போகிறார்?

ஊரக இளைஞர்களுக்கென 2014 செப்டம்பர் 25-இல் தொடங்கப்பட்ட தீன் தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்ய யோஜனாவின் விதிகளில், பயிற்சி பெற்றோரில் எழுபது விழுக்காட்டினரை வேலையில் அமர்த்த வேண்டும் என்றும், ஒருவர் ஓராண்டு வேலையில் நிலைத்தால் பயிற்சி நிறுவனத்துக்குத் தனி ஊக்கத்தொகை உண்டு என்றும் எழுதப்பட்டிருந்தன. எழுதத் தெரிந்திருக்கிறது. எல்லாத் திட்டங்களுக்கும் அதை விதியாக்கவும், ஊரறிய வெளியிடவும்தான் மனம் வரவில்லை.

இனி, எந்தப் பத்தியிலும் வராதவர்களைப் பற்றி. திருவள்ளூர் மாவட்டத்தின் இருளர் குடியிருப்புகளுக்குச் சென்று பாருங்கள். அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் இம்மாவட்டத்தில் மீட்கப்பட்ட செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது என்பதை நினைவில் கொள்க. அவ்வீட்டுப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நின்றிருப்பான். சாதிச் சான்றிதழ் இராது. பயிற்சி மையத்தின் வாசலுக்கு வந்தால் ‘பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வா’ அல்லது ‘சான்றிதழோடு வா’ என்று திருப்பி அனுப்பப்படுவான். அவன் வந்தான், திரும்பிப் போனான் என்பதை எழுதும் பத்தி எந்த ஏட்டிலும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-இல் அரசு அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம் பிள்ளைகளோடு ஒரே தொடர்வண்டியில் செல்லும் அந்த இளைஞர்களுக்கு, குடியுரிமை கேட்கும் திட்டங்களில் இடமில்லை. மறுக்கப்பட்டோர் என்று ஒரு பத்தி இருந்திருந்தால், ஆண்டுதோறும் அது நிரம்புவதைக் கண்டு யாரேனும் ஒருவர் விதியை மாற்றியிருக்கக் கூடும். இடையில் நின்ற பெண்களின் கதையும் அவ்வாறே. திருமணம், பேறுகாலம், மாலை ஆறு மணிக்குப் பின் பேருந்து இல்லாமை என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் உண்டு. ஏடு அனைத்துக்கும் இடைநிற்றல் என்ற ஒரே சொல்லை எழுதி மூடிவிடுகிறது. பேருந்து இல்லை என்று எழுதினால் பேருந்து விடவேண்டி வருமே!

‘பயிற்சியாளர்’ என்னும் சொல்லையும் நாம் ஐயத்தோடு பார்க்கவேண்டிய நிலை இப்பகுதியில் உள்ளது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பழகுநர் என்பவர் பயில்பவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்கிறது. கற்றுக்கொள்ளும் காலத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையை, அதே எந்திரத்தில், அதே ஷிப்டில் செய்துவிட்டு, ஆண்டு முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்டு, வேறொரு வாசலில் மீண்டும் பயில்பவராகச் சேரும் பிள்ளைகளை நாம் அறிவோம். ஏட்டில் அவர்கள் பயிற்சி என்னும் சேவையை இருமுறை பெற்றவர்கள். உண்மையில் அவர்கள் குறைந்த கூலிக்கு இருமுறை உழைத்தவர்கள். சேவையை வகைப்படுத்துவது எழுத்தருக்குரிய சில்லறை வேலை என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்கட்டும். ஒரு பெயரை எந்தப் பத்தியில் எழுதுகிறோம் என்பதில் ஒருவருடைய கூலியும் உரிமையும் அடங்கியிருக்கின்றன. உழைப்பின் மதிப்பு உழைக்கும் மனிதரிடமிருந்தே வருகிறது என்று 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தொழில் பற்றிய தம் சுற்றுமடலில் கற்பித்தார். மனிதரை விட்டுவிட்டுப் பத்திகளை மட்டும் வளர்க்கும் ஏடு அப்போதனைக்கு நேர் எதிரானது.

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள்? எல்லாவற்றிலும் அமெரிக்காவைப் பின்பற்றச் சொல்பவர்கள் அல்லர் நாம். அங்கும் 1982-இன் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ், எளிதில் வேலை பெறக்கூடியவர்களையே தேர்ந்து சேர்த்து வெற்றிக் கணக்குக் காட்டினார்கள் என்ற குறை எழுந்தது. பாலின் மேலாடையை மட்டும் வழிப்பது போன்ற செயல் அது. ஆயினும் 2014-இல் அவர்கள் இயற்றிய தொழிலாளர் வாய்ப்புச் சட்டத்தில் இளைஞர் சேவைகள் பதினான்காகப் பிரிக்கப்பட்டுள்ளன. பாடம் கற்பித்தல் ஒன்று; வேலை அனுபவம் ஒன்று; தொழிற்பயிற்சி ஒன்று; மூத்தவர் ஒருவரின் துணை ஒன்று; பயணச் செலவு, குழந்தைப் பராமரிப்பு போன்ற உதவிகள் ஒன்று; திட்டத்தை விட்டு வெளியேறிய பின் பன்னிரண்டு மாதமேனும் தொடர்ந்து பார்த்தல் ஒன்று. வெளியேறிய இரண்டாம் காலாண்டில் எங்கே இருக்கிறார், நான்காம் காலாண்டில் எங்கே இருக்கிறார் என்று கணக்குக் கேட்கிறார்கள். பேருந்துக் கட்டணமும் அங்கே எழுதத்தக்க ஒரு சேவை. புதுவாயலில் பல பிள்ளைகள் பயிற்சியை விடுவது அந்தக் கட்டணத்துக்காகவே.

அயல்நாடு வரை போவானேன்? நம் பங்கு இல்லத்து அலமாரியிலேயே வேறுவகைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்கு அருகே ஓரப்பகுதி ஒன்று காலியாக விடப்பட்டிருக்கும். அப்பிள்ளை உறுதிபூசுதல் பெற்றால் அங்கே எழுதப்படும். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து எங்கோ மும்பையில் திருமணம் புரிந்தால், அந்தப் பங்கிலிருந்து அறிவிப்பு வந்து, அந்த ஓரத்தில் எழுதப்படும். குருவானாலும், துறவறம் பூண்டாலும் எழுதப்படும். திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் எண் இதைக் கட்டளையாகவே வைத்திருக்கிறது. கணினி இல்லாத காலத்தில், அஞ்சலட்டையைக் கொண்டு, எழுதுகோல் பிடித்த ஏழைப் பங்குக் குருக்கள் இதைச் செய்தார்கள். இந்தப் பதிவேட்டில் திருச்சபை செய்த பணியே முதல் வரி. ஆனால் அதனோடு பக்கம் முடிவதில்லை. ஆளின் வாழ்க்கைக்கு இடம் விடப்பட்டிருக்கிறது.

பெருமை பேசுகிறோம் என்று எண்ணவேண்டாம். நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தபோது, வெளிநாட்டு நன்கொடையால் தையல் வகுப்பு நடத்தினோம். ஆண்டு இறுதியில், நாற்பது பெண்கள் பயனடைந்தனர் என்று நிழற்படத்தோடு அறிக்கை அனுப்பினோம். நன்கொடையாளர் ஒரே வரியில் பதில் எழுதினார்: இப்போது எத்தனை பேர் தைக்கிறார்கள்? அந்த ஒரு வரிக்கு விடை எழுத நமக்கு மூன்று மாதங்கள் ஆயின. வீடு வீடாகச் சென்றோம். பதினொரு பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எந்திரத்தை விற்றுத் தங்கையின் திருமணத்துக்குத் தோடு வாங்கியிருந்தார். இருவர் இருக்குமிடமே தெரியவில்லை. பதினொன்று என்று எழுத நம் கை கூசிற்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். எழுதிய பிறகு நடந்தது வேறு. நூலும் துணியும் வாங்க முதல் இல்லாமையே பெரும்பாலோர் தைக்காததற்குக் காரணம் என்று தெரிந்தது. மறு ஆண்டு வகுப்பைச் சிறிதாக்கி, மிச்சப்பட்ட பணத்தை முதலாகக் கொடுத்தோம். நாற்பது என்ற எண்ணோடு நின்றிருந்தால் இது ஒருநாளும் நமக்குத் தெரிந்திராது.

அதிகாரிகள் சொல்லும் மறுப்பு ஒன்றுண்டு. இளைஞர்கள் கைபேசி எண்ணை மாற்றிக்கொள்கிறார்கள். ஊர் விட்டு ஊர் போகிறார்கள். யாரால் பின்தொடர முடியும்? வட்டிக்குக் கடன் கொடுத்தவர் பின்தொடர்கிறாரே! அது இருக்கட்டும். 2014 முதல் வருங்கால வைப்பு நிதியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலை மாறினாலும் மாறாத ஒரே எண் வழங்கப்படுகிறது. சான்றிதழ் எண்ணையும் அந்த எண்ணையும் இணைத்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர் ஓராண்டு கழித்து முறையான வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பது அலுவலக மேசையிலிருந்தே தெரியும். அதில் பெயர் இல்லையென்றால், அவர் பிடித்தம் ஏதுமற்ற கூலியாக இருக்கிறார் என்றோ வேலையின்றி இருக்கிறார் என்றோ பொருள். அப்போது ஒருவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும். பின்தொடர்தல் உளவு பார்த்தலாகிவிடாதா என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. அந்த அச்சம் நியாயமானது. எனவே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: இளைஞரைக் கண்காணிக்குமாறு நாம் கேட்கவில்லை. இளைஞர் பெயரால் செலவிட்டவர்களைக் கண்காணிக்குமாறு கேட்கிறோம். பெயர்கள் ஊருக்குத் தெரியவேண்டியதில்லை. எந்த மையத்தில், எத்தனை மணி நேரம், எவ்வகைச் சேவை, எத்தனை பேருக்கு. ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் அவர்களில் எத்தனை பேர் எவ்வளவு கூலியில். எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டனர், எக்காரணத்தால்? இவை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்படவேண்டும். 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கை என்ற பெயரில் கணக்கைக் கிராம சபையின் முன் விரிக்க வழி செய்தது. மண்வெட்டி பிடித்தவருக்குக் கேட்கக் கிடைத்த உரிமை, அவர் மகனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

அரசு செய்யும்வரை கைகட்டி இருப்பதா என்று வாசகர்கள் கேட்கலாம். பெல்ஜிய நாட்டுக் குருவானவர் கார்டைன் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியபோது, இளம் தொழிலாளர் தம் நிலையைத் தாமே விசாரித்து எழுதவேண்டும் என்பதை முதற்பாடமாக வைத்தார். பார்த்தல், சீர்தூக்கல், செயல்படல் என்ற வரிசையை நம் பங்குகளில் பலர் அறிவர்; பார்த்தலைத் தாண்டிச் சீர்தூக்கலுக்கு விரைந்து ஓடிவிடுவதே நம் வழக்கம். இம்முறை பார்த்தலோடு சிலகாலம் நிற்போம் என்று நம் அன்பியத்து இளைஞர்களிடம் கூறினோம். இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கப்பட்டது. திருமுழுக்குப் பதிவேட்டைப் போலவே ஒவ்வொரு பக்கத்திலும் ஓரப்பகுதி விடப்பட்டது. கத்தோலிக்கர் என்று பிரிக்கவில்லை. தெருவில் உள்ள எல்லா வீட்டுப் பிள்ளைகளும். பெயர், பெற்ற பயிற்சி, அதன் மணிக்கணக்கு, செய்யும் வேலை, கூலி, இடையில் நின்றதற்கான காரணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் போய்க் கேட்கவேண்டும் என்பது ஒப்பந்தம். இதுவரை அறுபத்து மூன்று பெயர்கள் ஏறியிருக்கின்றன.

மே 1 அன்று கிராம சபை கூடும். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் ஏற்படுத்திய தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளும் அன்றே. காலைத் திருப்பலிக்குப் பின் நோட்டை எடுத்துக்கொண்டு சபைக்குப் போவதென்றும், பயிற்சி மையங்களின் கணக்கை ஊராட்சியின் முன் வைக்கவேண்டும் என்ற தீர்மானத்தைக் கொடுப்பதென்றும் இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். தீர்மானத்தின் வாசகத்தைத் திருத்தித் தரும்படி நம்மிடம் கொண்டுவந்தார்கள். எழுத்துப்பிழையைத் தவிர வேறெதையும் நாம் தொடவில்லை.

மூன்று சான்றிதழ்களோடு வந்த அந்த இளைஞருக்கு, நான்காவது பயிற்சிக்கான கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டோம். உணவு உண்டு என்றாரே. நோட்டில் அவர் பெயரும் இருக்கிறது. அவரைக் கண்டு பேசிய பெண்பிள்ளை ஓரப்பகுதியில் எழுதியிருப்பது இவ்வளவே: ‘இடது தோளில் வலி. வெல்டிங் கற்க ஆசை. சின்ன வயதிலிருந்தே. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.’